பழைய ஹோண்டா சிட்டி விடெக் காரில் ஆயில் லீக்: வீட்டு வாசலில் வைத்தே கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்று தெரிந்தவுடன் ஸ்பேனரை எடுக்காதீர்கள். துணியை எடுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்கிற வரைக்கும் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லாததால் கிட்டத்தட்ட 14,000 ரூபாய் வேண்டாத வேலைக்குப் போக இருந்தது.

என்னிடம் இருப்பது 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். பேருக்கு அது நாலு கதவு குடும்ப கார்தான். ஆனால் 106 குதிரைத்திறன், லேசான உடம்பு, ஆர்பிஎம் ஏற ஏற இன்ஜின் பாடுகிற பாட்டு, இதெல்லாம் சேர்ந்து அந்தக் காலத்தில் நம் ஊரில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதுதான். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் இந்த வண்டியை லேசில் விற்க மாட்டார்கள். நானும் விற்க மாட்டேன்.

போன சித்திரையில் மதுரை திருநகர் வீட்டு போர்ட்டிகோவில் தினமும் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தூக்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஆயில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கிராங்க் தண்டோட பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது, அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் இருக்கும், பஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆயில் கீழ இருந்து மேல ஏறாதுல்ல தம்பி? மேல பாத்தியா?"

பார்க்கவில்லை. மறுநாள் துடைத்துவிட்டுப் பார்த்தபோது குற்றவாளி மேலே, கியர்பாக்ஸுக்கு நேர் உச்சியில் இருக்கிற, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங். ஒரு சின்ன ரப்பர் வளையம். அங்கிருந்து கசிந்த ஆயில் கியர்பாக்ஸ் மேல் வழிந்து, மணி மாதிரி இருக்கும் அந்த பெல் ஹவுசிங்கைச் சுற்றி இறங்கி, கீழே இணைப்பில் சொட்டாகத் தொங்கியது. பின் சீல் போனாலும் அதே இடத்தில்தான் தொங்கும். அதனால்தான் இந்த இன்ஜினில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

இந்த வழிகாட்டி ஹோண்டாவின் அந்தக் கால டி-சீரிஸ் ஒற்றை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இன்ஜினை வைத்து எழுதியது. பழைய எஸ்டீம், பாலியோ, லான்சர் வைத்திருப்பவர்களுக்கும் தேடுகிற முறை இதேதான், சாமான்களின் இடம்தான் மாறும்.

முதலில், ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். தினசரித்தாளும் போதும், காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வையுங்கள். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று அட்டையில் பேனாவால் எழுதிவிடுங்கள், காலையில் எடுத்துப் பார்க்கும்போது குழப்பம் வராது.

கருப்பு அல்லது பழுப்பு, விரலில் தொட்டால் வழவழப்பு, கருகிய வாசனை: இன்ஜின் ஆயில். பச்சை நிறத்தில் லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் மாதிரி, ஆனால் பிசுபிசுப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அப்படியானால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள், வண்டியை வெளியே எடுக்காதீர்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், பயம் வேண்டாம். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கியர் ஆயிலும்தான் கொஞ்சம் குழப்பும், அந்தந்த டப்பாவில் அளவு குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியே டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். இந்த வண்டியில் ஆயில் குறைவது மற்ற வண்டிகளைவிடக் கெட்டது. விடெக் என்பது ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது: ஆர்பிஎம் ஏறியதும் கம்ப்யூட்டர் ஒரு சொலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) திறக்கிறது, ஆயில் வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்முக்குள் பாய்ந்து உள்ளே இருக்கும் சின்ன பின்களைத் தள்ளுகிறது, அவை ராக்கர்களைப் பூட்டியதும் வால்வு பெரிய கேம் மேட்டின் கணக்கில் திறக்கிறது. ஆயில் பற்றாமல் அழுத்தம் குறைந்தால் அந்தப் பூட்டு விழாது, அதிக ஆர்பிஎம்மில் வண்டி செத்த மாதிரி இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள், அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள்.

கழுவுவது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், ஃபியூஸ் பெட்டி நாலையும் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பெயின்ட் பிரஷ்ஷில் டீசல் அல்லது மண்ணெண்ணெய் தொட்டு, பிசுக்கு இருக்கும் இடத்தில் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பற்றிக்கொள்ள பேட்டரி வயரில் ஒரு பொறி போதும். அப்புறம் ஷாம்பூ தண்ணீரில் ஒரு துடைப்பு, பிறகு காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்பால் அடிப்பது வேகமான வழிதான், ஆனால் பழைய கனெக்டர்களுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் புதிதாக ஒரு தலைவலி. கையால் துடையுங்கள். துடைக்கும்போதே எந்த வயர் வெடித்திருக்கிறது, எந்த ஹோஸ் ஊறிப்போயிருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

பவுடர் போட்டுப் பார்ப்பது

துடைத்த இடம் நன்றாகக் காய்ந்ததும் சாதாரண முகப்பவுடரை எடுத்து டேப்பட் கவர் (இன்ஜின் உச்சியில் உள்ள மூடி) ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் ஒட்டும் இடம், விடெக் சொலினாய்டு சுற்றி, பெல் ஹவுசிங் உச்சி, இங்கெல்லாம் மெல்லிதாக ஒரு பூச்சு கொடுங்கள். பெல்ட் ஓடும் பக்கம் வேண்டாம். பிறகு வண்டியை எடுத்து ஒரு பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். நான் ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். இன்ஜின் நல்ல சூடு ஏறி, ஆயில் தண்ணீராக இளகினால்தான் சின்னக் கசிவு வெளியே வரும், வாசலிலேயே ஐடிலில் விட்டால் ஒன்றும் தெரியாது.

வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். கை போகாத இடத்துக்கு செல்போனை வீடியோவில் வைத்து உள்ளே நீட்டுங்கள், சூடான பாகத்தில் கை படாமல். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது இதுதான்: டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு சேருகிற வட்டத்தில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், வெள்ளைப் பவுடருக்கு நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு ஈரக் கோடு. அந்தக் கோடு கீழே போகப் போக அகலமாகி, பெல் ஹவுசிங் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பழுப்பாக ஊறியிருந்தது. அதற்கு மேலே எல்லாமே வெள்ளை.

ஈரத்தில் மிக உயரமான புள்ளி எதுவோ அதுதான் லீக். கீழே எவ்வளவு நனைந்திருந்தாலும் அதை விடுங்கள். பெல் ஹவுசிங் உச்சி நனைந்திருந்தால் ஆயில் மேலிருந்து வருகிறது. உச்சி உலர்ந்திருந்து கீழே இணைப்பு மட்டும் நனைந்தால், அதுவும் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால், அப்போதுதான் பின் சீலைச் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், அதனால் மேலே இருக்கும் புள்ளியோடு முன்னால் இருக்கும் புள்ளியையும் பாருங்கள்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இந்த இன்ஜினில் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. டேப்பட் கவரின் முன் ஓரத்தில் கசிந்தால் அதன் மேல்தான் சொட்டும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது பானட்டிலிருந்து லேசான புகையும் எண்ணெய் கருகிய வாசனையும் ஏசி வழியாக உள்ளே வந்தால் அங்கே பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டுவது தீ பிடிக்கிற விஷயம்.

கேஸ்கெட் வாங்கும் முன் பிசிவி வால்வு

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே இறங்கும், அது இன்ஜினுக்குள் அழுத்தமாகச் சேராமல் திரும்ப இன்டேக்குக்கு இழுத்துவிடுவதுதான் பிசிவி வால்வின் வேலை. அது கரியால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமான ரப்பர் இருக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கும். நீங்கள் புது கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பேக்கிங்) போட்டாலும் இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் ஒழுகும்.

சோதனை சுலபம். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வால்வுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள ஹோஸை லேசாக நசுக்குங்கள், டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் புதிது போடுங்கள், விலை குறைவுதான். ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அப்படியே ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் காற்று வரும், அது சகஜம். புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்போது பிரச்சினை கேஸ்கெட்டில் இல்லை.

சாமான்கள்

10, 12, 17 பாக்ஸ் ஸ்பேனர், ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று சின்ன அளவிலும் காட்டும் டார்க் ரென்ச், பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர் ஸ்பிரே, நிறைய பனியன் வேஸ்ட், அனபாண்ட் 666 மாதிரி ஆயில் தாங்கும் சிலிகான் ஒரு சின்ன டியூப். அடியில் போகப்போகிறீர்கள் என்றால் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட். டார்க் ரென்ச்சை மட்டும் கடனாகவாவது வாங்கிவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ரப்பர் சாமான்களை எப்போதும் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். டேப்பட் கவர் கேஸ்கெட் செட் வாங்கும்போது சுற்றுப் பேக்கிங் மட்டும் இல்லாமல், பிளக் குழி வளையம் நாலு, நட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்கள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஓ-ரிங் கேட்டால் சில கடைகளில் பெட்டியில் கையை விட்டு அளவுக்குச் சரியாக இருக்கும் கருப்பு வளையம் ஒன்றை எடுத்துத் தருவார்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹெட்டின் சூட்டில் நாளடைவில் இறுகிக் கல்லாகிவிடும். கம்பெனி ஓ-ரிங் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டான் என்று கேட்டு வாங்குங்கள், அது 200 டிகிரி வரை தாங்கும். வித்தியாசம் ஒரு டீ, வடை காசுதான் இருக்கும்.

டேப்பட் கவர் கேஸ்கெட்

விடியற்காலையில் ஆரம்பியுங்கள். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கவரைத் திறந்தால் டேப்பட் கேப்பையும் (வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) பார்த்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், தோன்றவும் வேண்டும், ஆனால் ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதை அளக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. மதுரை சித்திரை வெயிலில் மதியம் நிழலில் நிற்கும் வண்டியே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றும் முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதுங்கள், ஒன்று என்பது டைமிங் பெல்ட் பக்கம். வயரை இழுக்காமல் ரப்பர் மூடியைத் திருகி எடுங்கள். எடுக்கும்போது மூடியின் அடி ஆயிலில் நனைந்திருந்தால் பிளக் குழி வளையம் போயிருக்கிறது என்று அர்த்தம், வண்டி சில நேரம் ஒரு சிலிண்டரை விட்டுவிட்டு ஓடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். குழிக்குள் நிற்கும் ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும்.

மேலே உள்ள மூச்சுக் குழாயைக் கழற்றி, மூடி நட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் வரவில்லையா? ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். ஹெட் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகவே காலத்துக்கும் ஒழுகும். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டினால் விட்டுவிடும்.

உள்ளே தெரிவது தேன் நிறமாக இருந்தால் முன்பு வைத்திருந்தவர் ஒழுங்காக ஆயில் மாற்றியிருக்கிறார். கருப்பாக வண்டல் கட்டியிருந்தால் வரப்போகும் செலவுக்குத் தயாராகுங்கள். எதுவும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் பேனா, சில்லறை இருந்தால் எடுத்து வைத்துவிட்டுக் குனியுங்கள்.

பழைய பேக்கிங்கை கவரின் பள்ளத்திலிருந்து உரியுங்கள். என்னுடையது வளைத்ததும் வளையல் மாதிரி பட்டென்று உடைந்தது, அவ்வளவு இறுகியிருந்தது. பள்ளத்தையும் ஹெட்டின் விளிம்பையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து பிரேக் கிளீனரால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், அதிலிருந்து உதிரும் தூள் பேரிங்குக்குப் போகும். முன்பு யாராவது சுற்றிலும் சிலிகான் பூசியிருந்தால் அதை எடுக்கத்தான் அதிக நேரம் ஆகும். பொறுமையாக எடுங்கள், ஒரு துணுக்கும் உள்ளே போகக் கூடாது.

இந்த சிலிகான் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் லீக் என்றாலே டியூபை எடுத்துச் சுற்றிலும் பிதுக்கி ஒட்டுகிற பழக்கம் இருக்கிறது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. அது சூட்டில் பிய்ந்து, ஆயிலோடு போய், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் பம்ப்பின் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும், விடெக் சொலினாய்டுக்கு அடியில் இருக்கும் சின்ன வலையையும் அடைக்கும். ரப்பர் பேக்கிங் நசுங்கித்தான் ஆயிலை நிறுத்துகிறது, அதற்குப் பசை தேவையில்லை. தேவைப்படுவது நாலே நாலு இடம்: கேம் இரண்டு முனையிலும் அரைவட்டமாக ஏறி இறங்குகிறதே, அந்த வளைவு தட்டையான பாகத்தோடு சேரும் மூலைகள். அங்கே மட்டும் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு பொட்டு.

புது பேக்கிங்கைப் பள்ளத்தில் முழுக்கப் பதியுங்கள், விரலால் ஒரு சுற்று அழுத்திக்கொண்டே வாருங்கள். பிளக் குழி வளையங்களையும் மாற்றுங்கள். பொட்டு வைத்த ஐந்து நிமிடத்துக்குள் கவரை நேராக இறக்கி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து உட்காரவையுங்கள். புது ரப்பர் வாஷர் போட்டு நட்டுகளைக் கையால் ஏற்றுங்கள். பழைய வாஷரையே போட்டால் அது இறுகிப்போயிருப்பதால் நட்டு முட்டி நின்றுவிடும், ஆனால் கவரை அழுத்தாது, புது கேஸ்கெட் போட்டும் ஒழுகுதே என்று சொல்பவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது டார்க் ரென்ச். அளவு 10 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் இழுவை, அவ்வளவுதான். நம் கைக்கு இது இறுக்கவே இல்லாத மாதிரி தோன்றும். ஒரு பிடி கூடப் போடலாம் என்று போட்டால் மரை கழன்று வரும், இல்லை ஸ்டட் முறியும், அப்புறம் 500 ரூபாய் வேலை 5,000 ரூபாய் வேலை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அரை மணி நேரமாவது விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்

ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில், கேமோடு நேராகச் சேர்ந்து சுழல்வது இது. பிளக் வயர்களை மூடியிலிருந்து கழற்ற வேண்டியதில்லை, மூடியை வயரோடு சேர்த்தே கழற்றி ஓரமாக வைக்கலாம். மூடிக்குள்ளேயே ஆயில் இருந்தால் போனது வெளி ஓ-ரிங் மட்டும் அல்ல, உள்ளே தண்டில் இருக்கும் சீல். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து வேலை பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கழற்றும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், மறக்காமல். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்து ஹெட் வரை குறுக்காக ஒரு கோடு போடுங்கள், நகப்பூச்சு போதும். போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங் வைக்கிறார்கள், கோடு இல்லாமல் கழற்றினால் பழைய இடம் போய்விடும். பிறகு கனெக்டர்களை விடுவித்து, 12 ஸ்பேனர் போல்ட் மூன்றையும் எடுத்து, நேராக வெளியே இழுங்கள். கொஞ்சம் ஆயில் சொட்டும், அடியில் துணி வையுங்கள்.

பழைய ஓ-ரிங் வட்டமாக இருக்காது, தட்டையாக நாடா மாதிரி ஆகியிருக்கும். சின்ன கொக்கியால் எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் இன்ஜின் ஆயிலைத் தடவி முறுக்கில்லாமல் ஏற்றுங்கள். உலர்ந்த வளையத்தைத் திணித்தால் உருண்டு வெட்டுப்படும். திரும்பப் பொருத்தும்போது பயப்பட வேண்டாம், முனையில் உள்ள பல் நடுவிலிருந்து சற்று விலகி இருக்கும், கேமின் பள்ளமும் அப்படியே, அதனால் ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். உட்காராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைப் பாதிச் சுற்று திருப்பிப் பாருங்கள், சுத்தியை எடுக்காதீர்கள். நகப்பூச்சுக் கோட்டை நேராக்கி போல்ட்டை இறுக்குங்கள். வசதி கிடைக்கும்போது டைமிங் லைட் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விடெக் சொலினாய்டு கேஸ்கெட்

இதுவும் அதே மூலையில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில். கை உள்ளே போயிருக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள். கனெக்டரைக் கழற்றி, 10 ஸ்பேனர் போல்ட்களை எடுத்தால் தனியாக வந்துவிடும். அடியில் இருக்கும் கேஸ்கெட்டின் நடுவிலேயே மெல்லிய வலை இருக்கும். அதில் கருப்புத் துணுக்குகளோ சிலிகான் பிசிறோ இருந்தால் அதிக ஆர்பிஎம்மில் விடெக் சில நேரம் ஏமாற்றியதற்குக் காரணம் அதுதான். புது கேஸ்கெட், உலர்ந்த சுத்தமான முகம், 12 நியூட்டன் மீட்டர். இங்கே சிலிகான் ஒரு துளியும் கூடாது.

கீழே

வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது விரிசல் விட்டால் சொல்லிவிட்டு உடையாது, மொத்தமாக நொறுங்கும். சிமென்ட் தளம், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல், இரண்டு ஸ்டாண்ட். தூக்கியபின் வண்டியைத் தோளால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. அக்கம்பக்கத்தில் ஒரு ஆளை இருக்கச் சொல்லுங்கள்.

டிரெயின் போல்ட்டில் ஈரம் என்றால் பெரும்பாலும் வாஷர்தான். அது நசுங்கிச் சீல் ஆகிற அலுமினிய வாஷர், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது போட வேண்டும். 17 ஸ்பேனர், சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஆயில் ஃபில்டர் ஒழுகினால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒற்றை வயரோடு நிற்கும் ஆயில் பிரஷர் சுவிட்சும் வயதானால் நடுவிலேயே கசியும், அதன் வயர் மூடிக்குள் ஆயில் இருந்தால் மாற்றிவிடுங்கள். சம்ப் கேஸ்கெட் வீட்டில் செய்ய முடிகிற வேலைதான், ஆனால் எக்ஸாஸ்ட் குழாயை இறக்க வேண்டியிருக்கும், துருப்பிடித்த அந்த நட்டுகள் முறிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மேலே எல்லாம் சரிசெய்து, திரும்பக் கழுவி, இன்னும் சம்ப் விளிம்பு நனைகிறது என்று உறுதியான பிறகே அதைத் தொடுங்கள்.

கேம் சீல், கிராங்க் முன் சீல் இரண்டும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலே இன்ஜின் ஒழுங்காக ஓடாது, பல பல் தாவிவிட்டால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். முதல்முறை செய்பவர்கள் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நல்ல கையாகப் பார்த்து, பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையாக மாற்றச் சொல்லுங்கள். பின் சீலும் அப்படித்தான், கியர்பாக்ஸ் இறக்கும்போது கிளட்ச்சையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய ஊர் இது, தேடினால் நல்ல கைக்குப் பஞ்சமில்லை. பெல் ஹவுசிங் உச்சி உலர்ந்திருக்கும் போட்டோவைக் கையில் கொண்டுபோய்ப் பேசுங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் லீக் நிற்கும் என்று சொல்வார்கள், சொட்டுவது மெதுவாகும், அவ்வளவுதான். லீக் நிறுத்தும் மருந்து என்று விற்பது ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், உடைந்த ரப்பரை ஒட்டவைக்காது.

முடிந்த பிறகு

பழைய ஆயிலையும் டீசல் கழிவையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் ஊர்ச் சாக்கடை நிறைய கிருதுமால் நதியில்தான் போய் விழுகிறது, அந்த ஆறு பட்டது போதும். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

இன்ஜினை ஐடிலில் பத்து நிமிடம் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் திரும்பப் பவுடர் போட்டு அழகர்கோயில் வரை ஒரு ஓட்டம். எக்ஸாஸ்ட் மேல் முன்பே விழுந்த ஆயில் கருகும்வரை ஒன்றிரண்டு நாள் வாசனை வரும், அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். 500 கிலோமீட்டர் ஆனதும் டேப்பட் கவர் நட்டுகளை அதே 10 நியூட்டன் மீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள், கூடுதலாக இறுக்காதீர்கள். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள்.

என் போர்ட்டிகோவில் அட்டையை இப்போதும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஏழு மாதமாகிறது, மேலே இருப்பது வேப்பம்பூச் சருகும் ஏசி தண்ணீர்த் தடமும்தான்.